இடைவாரில் தொங்கிய நெருப்பு

டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்குத் தெற்கே உள்ள மோஸ்கோர் அருங்காட்சியகத்தில் இல்லெருப் ஓடால் போர்க்கருவிகளைக் காணப் போகிறவர்களின் கண் முதலில் வாள்மேல்தான் விழும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு இடைவாரிலிருந்து தொடங்குவது நல்லது.

ஸ்கான்டர்போர்க் ஊருக்கு அருகே, முன்பு ஏரியாக இருந்த இல்லெருப் ஓடால் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டும்போது 1950-இல் இவை தலைகாட்டின. அகழாய்வு 1956 வரை நடந்தது. தொல்லியலாளர் யோர்கன் இல்கேர் தலைமையில் 1975 முதல் 1985 வரை மீண்டும் தோண்டியபோது மொத்தம் 15,000 பொருள்கள் அளவுக்குச் சேர்ந்தன. மிகப் பெரிய குவியல் கி.பி. 200-ஐ ஒட்டியது. தோற்ற படையின் உடைமைகளை வென்றவர்கள் ஏரிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் போர்வீரன் வெளிச்சத்துக்கான வழியையும் இடுப்பில் கட்டிக்கொண்டே நடந்தான். தமரூசி போன்ற ஓர் இரும்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கல், பொறியை ஏந்தப் பஞ்சு போன்ற ஏதாவது. கல்லில் இரும்பை அழுத்தி இழுத்தால் பொறி பறக்கும். இவ்வகைக் கற்களை நெருங்கிப் பார்த்தால், ஒரே திசையில் பலமுறை இழுத்துத் தேய்ந்த பள்ளம் தெரியும். எத்தனை இரவுகளின் அடுப்பும் காவல் நெருப்பும் அந்தப் பள்ளத்தில் இருக்கின்றன! படை எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தவையும் இந்தச் சிறு பொருள்களே. தீக்கருவியின் வடிவமும், காட்டுமான், பனிமான் கொம்பில் செய்த சீப்புகளும் கடலுக்கு அப்பாலிருந்த ஸ்காண்டிநேவியத் தீபகற்பத்தைக் காட்டின.

அடுத்தது கேடயம். மரப்பலகை பெரும்பாலும் மக்கிப்போய்விட, நடுக்குமிழும் பின்புறக் கைப்பிடியின் உலோகமும் நின்றன. அந்த உலோகத்தைக் கவனித்தால் படையின் அடுக்கு புரியும்: வெள்ளி பூண்டவை ஐந்து, வெண்கலம் சுமார் முப்பது, இரும்பு முந்நூறுக்கும் மேல். ஒரு கைப்பிடியில் 'நிதியோ செய்தான்' என்ற பொருளில், ரூன் எனப்படும் பழைய வடநாட்டு எழுத்துகள் உண்டு. கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைக் கண்டவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். 'வாக்னியோ' என்ற பெயர் ஈட்டிமுனை ஒன்றில் முத்திரையாகவே குத்தப்பட்டிருக்கிறது. முத்திரை செய்து வைத்திருந்தால், ஒன்றிரண்டு ஈட்டிக்காக அல்ல, பலவற்றுக்காகத்தான் இருக்கவேண்டும்.

இனி வாளுக்கு வரலாம். இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்து இணைத்ததால் பல அலகுகளில் அலையலையாக வரி ஓடும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால்தான் அது பிடிபடும். சிலவற்றில் ரோமானியப் பட்டறை முத்திரை இருக்கிறது. எதிரி நாடு என்று கருதப்பட்ட நிலத்துக்கும் ரோமின் வாள் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு சேதத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். விளிம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமான சிறு வடு சண்டையில் பட்டது. அலகு முழுக்க மாறி மாறி விழுந்த வெட்டும், வேண்டுமென்றே வளைத்த வளைவும், தீயில் கருகிய தடமும் சண்டை ஓய்ந்த பிறகு வந்தவை. யாரும் மறுபடி எடுத்துப் பயன்படுத்தாதபடி ஆயுதத்தைக் கொன்று, துணியில் மூட்டைகட்டித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள்.