சீத்தாவும் சிறுத்தையும்: மேல்நிலை உயிரியல் என்னும் பிரதி

பாடநூலை யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. ஒரு நாவலுக்கு இருபது பக்கம் ஒதுக்குகிற நம் சிற்றிதழ்கள், பிள்ளைகள் வரி விடாமல் வாசித்துத் தீர்க்கிற மேல்நிலைப் பாடநூலை ஒரு பிரதியாகவே கருதுவதில்லை. தமிழ்நாட்டின் தமிழ்வழி பிளஸ் டூ உயிரியலை இங்கே அப்படி வாசித்துப் பார்க்கலாம்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்நூலில் முதலில் இடறுகிற சொல் 'மரபியல்'. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கும் அதுதான் பெயர். எந்த உயிரின் இளமையைப் பார்ப்பு என்பது, எதைப் பறழ், குட்டி என்பது என்று சொல்வழக்கை வரையறுக்கிற இயல் அது. பாடநூல் மரபியலிலோ மெண்டலும் பட்டாணிச் செடியும். புறத்தே வயிரமுள்ளவை புல், அகத்தே வயிரமுள்ளவை மரம் என்ற பகுப்பைக் காட்டி, "ஒருவித்திலை, இருவித்திலையை அப்பவே சொல்லிட்டாங்க பாருங்க" என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். ஐரோப்பாவிலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்தது இயற்கை வரலாறுதான், உயிரியல் அல்ல என்பது ஃபூக்கோ 1966இல் வெளியிட்ட 'சொற்களும் பொருள்களும்' நூலின் வாதம். தொல்காப்பியத்தின் அறிவொழுங்கு வேறு. அதை உயிரியலாக்குவது அதற்கும் நல்லதல்ல, உயிரியலுக்கும் நல்லதல்ல. இந்தப் பெருமிதச் சொல்லாடலால் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

பாக்கு நீரிணையைத் தாண்டினால் க.பொ.த. உயர்தர உயிரியலும் தமிழில்தான். ஆனால் சொற்கள் வேறு. நம் செல் அங்கே கலம், திசு, இழையம், குரோமோசோம், நிறமூர்த்தம், பரிணாமம், கூர்ப்பு, ஒளிச்சேர்க்கை, ஒளித்தொகுப்பு. நாம் கரு என்றால் முளையம் நினைவுக்கு வரும், அவர்கள் கரு என்றால் நம் உட்கரு. இதில் எனக்கு முக்கியமாகப்படுவது மைட்டோகாண்ட்ரியா. அங்கே அது இழைமணி. கிரேக்கத்தில் அந்தச் சொல்லின் உறுப்புகளும் இழை, மணி என்ற இரண்டும்தான். கிரேக்கம் அறியாத ஆங்கிலேயப் பிள்ளைக்கு வெறும் ஓசையாக நிற்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பொருளாகத் திறக்கிறது. நாமோ ஓசையை மட்டும் வாங்கிக்கொண்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மண் அது. ரொம்பவும் புல்லரித்துக்கொள்ள வேண்டியதில்லை. உயர்தரம் முடித்து மருத்துவ பீடத்துக்குள் நுழைந்தால் அங்கேயும் ஆங்கிலம்தான்.

சொல் அந்நியமா, தமிழா என்பதல்ல என் கேள்வி. யார் கையிலிருக்கிற சொல் செல்லுபடியாகும் என்பதுதான். 2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடத்துக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். பாடநூல் சொன்னதே சரியான விடை. 2017இல் நீட் வந்தது. 2018 நீட்டின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. அந்த ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றிருந்தது. சீத்தா நமக்குப் பழம். ஆங்கிலச் சொல்லின் ஓசை, தமிழெழுத்தில், தமிழ் விலங்கைத் துரத்திவிட்டது. 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போடப்பட்டது. ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. அதே மாதம் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது.

பிழை திருத்தக்கூடியது. அதைவிடப் பெரியது தேர்வின் விதி: மொழிபெயர்ப்பில் குழப்பம் நேர்ந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. மூலம், நகல் என்ற எதிர்மையைக் கட்டுடைத்தாயிற்று என்று நாம் தெரிதாவைச் சொல்லிக்கொண்டிருக்க, ஒரு தேர்வு அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. இரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை, தன் மொழியில் கேள்வி புரிந்த பிறகும் பக்கத்திலிருக்கிற ஆங்கில வரியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலவழிப் பிள்ளை அந்த நேரத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது.