பெயரை எழுதும் கை

ஒரு மனிதனின் முகத்தை மனத்தில் நிறுத்தி, அவன் பெயரை ஓர் ஏட்டில் எழுதினால் போதும். 40 நொடிகளில் அவன் மாரடைப்பால் மாண்டுபோவான். எழுதிய கை யாருடையது என்பதை எந்தக் காவலரும் எளிதில் அறிய முடியாது. அத்தகைய ஏடு அறிவுக்கூர்மை மிக்க 17 வயது மாணவன் ஒருவனிடம் சிக்கினால் என்னவாகும்? 'டெத் நோட்' என்னும் ஜப்பானியப் படக்கதைத் தொடர் இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. ட்சுகுமி ஓபா எழுத, டகேஷி ஒபாடா வரைய, 2003 டிசம்பர் முதல் 2006 மே வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் 108 அத்தியாயங்களாக வெளிவந்தது. பின்னர் 12 தொகுதிகளாக நூலுருப் பெற்று, 3 கோடிப் படிகளுக்கு மேல் உலகெங்கும் பரவியது. இவ்வகைப் படக்கதையை ஜப்பானியர் 'மாங்கா' என்பர். அச்சொல்லைக் கேட்டதும் நம்மவர் நாவில் புளிப்பு ஊறுவது இயல்பே. இக்கதையிலும் சிறிது புளிப்பு உண்டு.

கதை முடிந்து இருபது ஆண்டுகள் கடந்தும் வாசகர் வழக்காடல் ஓயவில்லை. வழக்கு இலக்கிய நயத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருப்பின், இதனை எழுத நாம் முனைந்திருக்க மாட்டோம். யாகாமி லைட் என்னும் அம்மாணவன் செய்தது சரியா என்பதே வழக்கின் உள்ளுறை. கொடிய குற்றவாளிகளை மட்டும் அழித்து, அச்சத்தால் உலகைத் திருத்த அவன் துணிகிறான். மக்கள் அவனுக்குக் 'கிரா' என்று பெயரிடுகின்றனர். 'கொலையாளி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் ஜப்பானிய ஒலிப்பு அது. புதிய உலகின் கடவுளாவேன் என்று அவன் தன் வாயாலேயே சொல்கிறான்.

"தொடக்கத்தில் அவன் நல்லவன்தான், அதிகாரம்தான் அவனைக் கெடுத்தது" என்பது பெருவாரியான வாசகர் தீர்ப்பு. இத்தீர்ப்பை நாம் ஏற்கத் தயங்குகிறோம். இரண்டாம் அத்தியாயத்தை மீண்டும் புரட்டிப் பாருங்கள். தொலைக்காட்சியில் ஒருவர் தோன்றி, தாம் 'எல்' என்னும் புகழ்பெற்ற துப்பறிவாளர் என்றும், கிராவின் செயல் தீமை என்றும் கூறுகிறார். அவர் குற்றவாளி என்று லைட் எண்ணவில்லை. தன்னைத் தீயவன் என்றார் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பெயரை எழுதுகிறான். அதிகாரம் அவனைக் கெடுப்பதற்கு எத்தனை நாள் ஆயிற்று? கதாசிரியர் நமக்கு ஓர் அத்தியாயம்கூட அவகாசம் தரவில்லை. தொகுதி தொகுதியாக அவன் பக்கம் நின்று, அவன் பிடிபட்டுவிடுவானோ என்று பதைத்த நாம்தாம் அதை மறந்துபோனோம். பதற்றக் கதையின் வல்லமை இது: யாருக்காக நெஞ்சு படபடக்கிறதோ, அவனையே நியாயவானாகவும் கருதத் தொடங்கிவிடுகிறோம்.

எல்லின் அன்பர்களும் களித்துவிட வேண்டா. தொலைக்காட்சியில் மாண்டவர் எல் அல்லர். அன்று தூக்கிலிடப்பட இருந்த கைதி ஒருவர். கொலையாளியைப் பொறியில் வீழ்த்த ஒரு மனித உயிரை இரையாக வைத்தவர் எல். எப்படியும் சாகப்போகிறவர்தானே என்ற கணக்கு அவரிடமும் உண்டு. மரண தண்டனையைச் சட்டத்தில் இன்றும் வைத்திருக்கும் நாட்டில் பிறந்த கதை இது என்பதை இவ்விடத்தில் மறத்தல் ஆகாது. ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்கும் கை அரசினுடையதா, மாணவனுடையதா என்பதில் வேறுபாடு உண்டு. ஆயினும் அவ்வேறுபாடு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதா?

அந்நாட்டு நீதிமன்ற வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்லலாம். 1966இல் ஷிசுவோகா மாநிலத்தில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டனர். முன்னாள் குத்துச்சண்டை வீரரான இவாவோ ஹகமாடா கைதானார். 1968இல் மரண தண்டனை பெற்றார். 2014இல்தான் சிறைக்கதவு திறந்தது. சான்றுகள் புனையப்பட்டவை என்று கூறி நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது 2024 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 88. கிரா செய்தி பார்த்துத் தீர்ப்பு எழுதுபவன். 1966ஆம் ஆண்டின் செய்தியை அவன் பார்த்திருந்தால் 40 நொடிகள் போதுமாயிருந்திருக்கும். "கிரா தீயோரை மட்டுமே கொன்றான்" என்று வாதிடும் இளைஞரிடம் நாம் வைக்க விரும்பும் ஒரே கேள்வி, யார் சொல்லித் தீயோர் என்பதே.

இனி, கதைப்போக்கு பற்றிய குறை. 58ஆம் அத்தியாயத்தில் எல் இறந்ததும் கதையும் இறந்தது என்பர் பலர். இக்குறையில் பாதி உண்மை உண்டு. எல்லுக்குப் பின் வரும் நியர், மெல்லோ இருவரும் அவருடைய இரு பாதிகளாகத் தோன்றுகின்றனரே அன்றி முழு மனிதராகவில்லை. உரையாடல்களோ பக்கத்தை அடைத்துக்கொண்டு, ஒபாடாவின் அரிய கோடுகளுக்கு மூச்சுவிட இடம் தருவதில்லை. முன்பகுதியில் நவோமி மிசோரா என்னும் பெண் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சற்று நடந்து செல்லும் காட்சி உண்டு. அங்கு ஒரு சொல்லும் மிகையில்லை. அந்தச் சிக்கனம் பிற்பகுதியில் இல்லை. மிசா போன்ற பெண் பாத்திரங்களை வெறும் கருவிகளாகவே கையாண்ட குற்றச்சாட்டும் மறுக்கத்தக்கதன்று.

எனினும் பிற்பகுதி இன்றிக் கதைக்கு அறம் இல்லை. எல் உயிரோடிருந்தவரை அது இரு அறிவாளிகளின் சதுரங்கம். அவர் போனபின்தான் வெற்றி பெற்ற கிராவின் உலகம் எத்தகையது எனக் காண்கிறோம். அரசுகள் பணிகின்றன, தொலைக்காட்சி துதி பாடுகிறது. கிராவின் அடியவனாகிய மிகாமி ஒருபடி மேலே சென்று, உழைக்காத சோம்பேறிகளையும் தண்டிக்கப் புறப்படுகிறான். அது கொள்கையளவில் தவறென்று லைட் கருதவில்லை. காலம் இன்னும் கனியவில்லை என்றே எண்ணுகிறான்.

பிற்பகுதியில்தான் லைட்டின் தந்தை சோய்ச்சிரோவின் இறுதியும் வருகிறது. வாசகர் பேச்சில் இவர் பெயர் அரிதாகவே அடிபடுகிறது. நமக்கோ இக்கதையின் நடுநாயகம் இவரே. கிராவைத் தேடும் காவல் அதிகாரி இவர். தேடப்படுபவன் தம் மகன் என்பதை அறியாதவர். முன்னொரு கட்டத்தில் நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோது, தீமை என்பது கொல்லும் அந்த ஆற்றலே, அதனைப் பெற்றவன் சபிக்கப்பட்டவன் என்ற கருத்தை மகனிடமே மொழிகிறார். பின்னர், ஏட்டை மீட்பதற்காகத் தம் எஞ்சிய வாழ்நாளில் பாதியை மரணதேவனுக்குக் கொடுத்து, மனிதரின் பெயரையும் ஆயுளையும் காணும் கண்களைப் பெறுகிறார். மெல்லோவின் உண்மைப் பெயர் அவர் கண்முன் தெரிகிறது. ஏடு கையில் இருக்கிறது. ஆனால் எழுத மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்தில் சுடப்படுகிறார்.

சாகக் கிடக்கும் தந்தையின் அருகில் மகன் கண்ணீர் விடுகிறான். அந்தப் பெயரை எழுதிவிடுமாறு மன்றாடவும் செய்கிறான். தந்தை அப்புதிய கண்களால் மகனைப் பார்க்கிறார். ஏட்டுக்கு உரியவனின் ஆயுள் அக்கண்களுக்குத் தெரியாது என்பது விதி. லைட்டின் ஆயுள் தெரிகிறது. ஏட்டின் உரிமையை அவன் முன்கூட்டியே தந்தைக்கு மாற்றிவிட்டிருந்தான். மகன் கிரா அல்லன் என்ற நிம்மதியோடு அம்மனிதர் கண்மூடுகிறார். பாதி வாழ்வை விற்று வாங்கிய கண், பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. கையில் ஆயுதமிருந்தும் எழுதாமல் விட்டவர் கதையில் இவர் ஒருவரே. "கடமை நேரத்தில் தயங்கிய கோழை" என்று இவரைச் சிலர் இகழ்வதைக் கேட்டிருக்கிறோம். அவ்வாறு இகழ்பவர் தம்மை அறியாமலேயே கிராவின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்பது நம் எண்ணம்.

முடிவைக் குறித்தும் இரு கட்சிகள் உண்டு. மேட்ஹவுஸ் நிறுவனம் 2006–2007இல் ஆக்கிய 37 பகுதி அசைபடத்தில், காயமுற்ற லைட் மாலை ஒளியில் தப்பி ஓடி, படிக்கட்டில் அமைதியாக உயிர் விடுகிறான். எல்லின் உருவம் அவன் முன் தோன்றுகிறது. இதே படத்தின் 25ஆம் பகுதியில், தன் இறப்பை உணர்ந்தவர் போல எல், மழையில் நனைந்த லைட்டின் பாதங்களைத் துடைத்துவிடுகிறார். மூலத்தில் இல்லாத காட்சி இது. இராவுணவின்போது பாதம் கழுவிய ஒருவரையும், காட்டிக்கொடுத்த ஒருவனையும் நினையாமல் நம் வாசகர் இதனைப் பார்க்க இயலாது. அழகிய காட்சிதான், ஆனால் அந்த அழகு கிராவுக்கும் ஒரு துயரநாயகனின் ஒளிவட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. படக்கதையில் அவ்வருள் இல்லை. சாக விருப்பமில்லை என்று தரையில் புரண்டு கதறுகிறான். அவனுக்கு ஏட்டைத் தந்த மரணதேவன் ரியூக் சலனமின்றி அவன் பெயரை எழுதுகிறான். ஏட்டில் எழுதப்பட்ட ஒவ்வொருவரும் அவ்வாறே சாக விரும்பாதவர்தாமே? மூலத்தின் முடிவே நேர்மையானது என்போம்.

சீனப் பண்பாட்டு அமைச்சகம் 2015இல் இத்தொடரைத் தடைப்பட்டியலில் வைத்தது. பிள்ளைகள் குறிப்பேட்டில் பெயரெழுதி விளையாடக்கூடும் என்னும் பெரியோர் அச்சம் புரியத்தக்கதே. ஆனால் கடைசி அத்தியாயத்தைப் படித்தவர் வேறொன்றுக்கு அஞ்சுவர். லைட் மடிந்து ஓராண்டு ஆகிறது. நியரும் வெற்றிக்காக அந்த ஏட்டைப் பயன்படுத்தி மிகாமியை இயக்கியிருப்பாரோ என்று இளங்காவலர் மட்சுதா ஐயுறுகிறார். தோழர் அதனைத் தட்டிக்கழிக்கிறார். ஆசிரியரும் விடை சொல்லவில்லை. பின்னர் இரவு. மலைப்பாதையில் முக்காடிட்ட மனிதர் வரிசை, கையில் மெழுகுவத்தி ஏந்திச் செல்கிறது. முன்னே ஒரு பெண் நிற்கிறாள். கைகுவித்து, கண்ணீர் மல்க, கிராவை நோக்கி வேண்டுகிறாள்.