மறுசெய்கை நெருக்கடி: இரு துறைகளின் எதிர்வினை

ஓர் ஆய்வாளர் கண்ட முடிவை, அதே முறையில் சோதிக்கும் பிறரும் காண வேண்டும் என்பது அறிவியலின் அடிப்படை எதிர்பார்ப்பு. வெளியான முடிவுகளில் பல அவ்வாறு மீண்டும் கிடைக்காத நிலை மறுசெய்கை நெருக்கடி எனப்படுகிறது. இதை உளவியலும் புற்றுநோய் உயிரியலும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன.

தொடக்கம்

உளவியலில் 2011 திருப்புமுனை ஆண்டு. நெதர்லாந்துப் பேராசிரியர் டீடெரிக் ஸ்டாபல் தரவுகளைப் புனைந்தது அவ்வாண்டு வெளிப்பட்டது. அது தனிமனித மோசடி. அதே ஆண்டு அமெரிக்க உளவியலாளர் டேரில் பெம், மனிதர் எதிர்காலத்தை முன்னுணர முடியும் என்பதற்குச் சான்றாக ஒன்பது சோதனைகளை முன்னணி ஆய்விதழில் வெளியிட்டார். அவரது முறைகள் துறையில் வழக்கமாக ஏற்கப்பட்டவை. எனவே குறை தனிமனிதரிடம் மட்டுமல்ல, வழக்கத்திலேயே உள்ளது என்ற ஐயம் எழுந்தது. தரவைப் பார்த்தபின் பகுப்பாய்வு முறையைத் தேர்ந்தெடுத்தால் எதையும் நிறுவிவிடலாம் என்பதை அவ்வாண்டே மூன்று ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு பாடலைக் கேட்டால் வயது குறையும் என்று அவர்கள் வேண்டுமென்றே 'நிறுவினர்'.

வெளிப்படைத்தன்மை

2015இல் 100 உளவியல் ஆய்வுகள் மீண்டும் செய்யப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் பெற்றிருந்தன. மறுசெய்கையில் 36 விழுக்காடே பெற்றன. தரவுகள் பொதுவில் வைக்கப்பட்டன.

புற்றுநோய் ஆய்வில் நிலை இதைவிட நன்றாக இல்லை. ஆம்ஜென் நிறுவனம் சோதித்த 53 முக்கிய ஆய்வுகளில் 6 மட்டுமே உறுதிப்பட்டதாக 2012இல் தெரிவிக்கப்பட்டது. ஆனால் அவை எந்த ஆய்வுகள் என்ற பட்டியல் வெளியாகவில்லை. பின்னர் தொடங்கிய பொதுத் திட்டம் ஒன்று 193 சோதனைகளை மீண்டும் செய்ய எண்ணி, 2021 வரை 50ஐ மட்டுமே முடித்தது. மூல ஆசிரியர்களிடம் கேட்காமல் மீண்டும் செய்யும் அளவுக்கு எந்தச் சோதனையின் செய்முறையும் முழுமையாக எழுதப்பட்டிருக்கவில்லை. உளவியலுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு, அது தன் தவறுகளை வெளிப்படையாக எண்ணிப் பார்த்ததும் ஒரு காரணம்.

சீர்திருத்தமும் வரம்பும்

ஆய்வின் முடிவு தெரியுமுன்பே, கேள்வியையும் முறையையும் மட்டும் மதிப்பிட்டுக் கட்டுரையை ஏற்கும் முறையை 2013இல் 'கார்டெக்ஸ்' ஆய்விதழ் தொடங்கியது. 2021இல் வெளியான ஓர் ஒப்பீட்டின்படி, வழக்கமான உளவியல் கட்டுரைகளில் 96 விழுக்காடு தம் கருதுகோளுக்கு ஆதரவு கண்டன. இம்முறையில் வந்தவற்றில் 44 விழுக்காடே கண்டன.

ஆயினும் விதி மட்டும் போதாது. நல்ல நடைமுறைகளால் மறுசெய்கை மேம்படும் என்று 2023இல் கூறிய ஒரு கட்டுரை 2024இல் திரும்பப் பெறப்பட்டது. முன்கூட்டியே திட்டமிட்டுப் பதிவுசெய்ததாக அது சொன்னவற்றில் சில அவ்வாறு பதிவாகியிருக்கவில்லை. அதன் ஆசிரியர்களுள் சிலர் சீர்திருத்த இயக்கத்தின் முன்னோடிகள். பதிவு ஆவணங்கள் பொதுவில் இருந்ததால்தான் பிறர் அக்குறையைக் கண்டறிய முடிந்தது. ஒரு துறையின் நம்பகத்தன்மை அதன் விதிகளால் மட்டும் அமைவதில்லை. அவ்விதிகளை வகுத்தவர்களையும் பிறர் சோதிக்க இயல்வதே அதற்கு அடிப்படை.