அடித்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு

லிவர்பூல் துறைமுகத்தில், ஆல்பர்ட் டாக்கின் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் இருக்கிறது கடல்சார் அருங்காட்சியகம். 1994இல் அடிமை வணிகத்துக்கென்று அங்கே ஒரு காட்சிக்கூடம் வைத்தபோது கிடைத்த இடம் அடித்தளம். கப்பலிலும் அவர்களுக்கு அதுதானே இடம்! 2007இல் அது மூன்றாம் மாடிக்கு ஏறித் தனி அருங்காட்சியகமாயிற்று.

மாடி ஏறியதைவிடத் திறந்த தேதிதான் நமக்கு முக்கியம். அடிமை வணிகத்தைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைசெய்த 1807ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது 200ஆவது வருஷம். ஆனால் திறப்புக்கு எடுத்துக்கொண்ட நாள் ஆகஸ்ட் 23. 1791இல், இன்றைய ஹைத்தியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த நாள். 'நாங்க குடுத்தோம்' என்பதற்கும் 'நாங்க எடுத்துக்கிட்டோம்' என்பதற்கும் உள்ள தூரம் அது. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டதும் யாருடைய இரக்கத்தையும் பார்த்தல்ல.

இந்தத் துறைமுகத்துக் கப்பல்தான் 'புரூக்ஸ்'. 1788இல் அடிமை ஒழிப்பாளர்கள் அதன் வரைபடத்தை அச்சிட்டார்கள். வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் கறுப்பு உருவங்கள். 454 பேர் என்று சட்டம் வரம்பு கட்டுவதற்கு முன்னால் 609 பேர் வரை அதில் அடைத்திருக்கிறார்கள். மனசை உலுக்கிய படம்தான், மறுக்கவில்லை. ஆனா ஒருத்தர்கூட எழுந்து நிற்கவில்லை, பேரில்லை, குரலில்லை. இரக்கப்படுகிறவன் வரைந்தால் இப்படித்தான். நம்ம சேரியை எழுதுகிற முற்போக்குகளும் நம்மைப் படுக்கப்போட்டுத்தானே எழுதுகிறார்கள்?

அடுத்த வருஷமே, அடிமையாயிருந்து விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ஒலாடா ஈக்குவியானோ தன் கதையைத் தானே எழுதி வெளியிட்டார். கீழ்த்தட்டின் நாற்றமும் அலறலும் அதில் இருக்கின்றன. கூடவே, அவற்றைச் சொல்கிற ஒரு ஆளும் இருக்கிறார்.

2025 ஜனவரியில் புதுப்பிப்பு வேலைக்காக இரண்டு அருங்காட்சியகங்களையும் மூடினார்கள். மறுபடி திறக்கும்போது வாசலில் எது நிற்கும்? புரூக்ஸின் படமா, ஈக்குவியானோவின் பக்கமா?