கல்லாப்பெட்டி தப்பித்த கதை

திருத்தணி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. வடக்கே சித்தூர்ப் பக்கம் போனால் இதன் உடன்பிறப்பை வீதி நாடகம் என்கிறார்கள். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அரசாங்கம் கோடு போட்டது. ஆட்டக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசியல் நையாண்டி என்றதும் சென்னை சபா மேடையிலிருந்தே கணக்கைத் தொடங்குவது நம் விமரிசகர்களின் வழக்கம். கணக்கு இந்தக் கூத்துக் களரியில் தொடங்க வேண்டும்.

துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடும்போதே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனை மட்டம் தட்ட ஆரம்பித்துவிடுவான். ராஜாவுக்குச் சேவகன், சபைக்குச் சிநேகிதன். பாரதத்தை அப்படியே நிறுத்திவிட்டு ரேஷன் கடையையும் பஞ்சாயத்துத் தேர்தலையும் உள்ளே இழுப்பான். கூட்டம் தூக்கம் கலைந்து சிரிக்கும். ஆனால் நடுவில் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு என்று வாழ்த்திச் சொல்கிறவனும் பல களரிகளில் அவன்தான். கூத்து நடப்பது வீட்டு வரியாலும் பெரிய கைகளின் உபயத்தாலும். துரியோதனன் காசு கொடுப்பதில்லை, அதனால் அவனை எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். உபயதாரர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

தமிழ் நாடகத்தின் அரசியல் நையாண்டி முழுவதையும் இந்த ஏற்பாட்டை வைத்தே படித்துவிடலாம் என்பது என் எண்ணம். நாற்காலியைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தாராளமாக வரும். கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சிரிக்க வருவதில்லை.

கூத்திலேயே ஒரு விலக்கு உண்டு. பகாசுரன் கதை நடக்கும் நாளில் வண்டி நிறையச் சோறு ஏற்றி, பீமன் வேஷக்காரன் அதன்மேல் உட்கார்ந்து தின்றுகொண்டே ஊரைச் சுற்றி வருவான். முறைவைத்து வீட்டுக்கு வீடு சோறும் ஆளும் கொடுத்து அழியும் ஊர். உட்கார்ந்த இடத்தில் தின்னும் அசுரன். உழைத்தவன் சோறு எவன் வயிற்றுக்குப் போகிறது என்ற கேள்வியை இவ்வளவு வெளிப்படையாகக் கேட்ட காட்சி நம் நவீன மேடையில் குறைவு.

திராவிட இயக்க மேடை பணக்காரனை விட்டுவைக்கவில்லை என்பார்கள். உண்மைதான். அண்ணாவின் ‘வேலைக்காரி’யில் ஜமீன்தாரின் கொடுமை அடிபடுகிறது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ எம்.ஆர். ராதாவின் வாயில் இரவுக்கு இரவு புதிதாகியது. அன்றைய பேப்பரில் வந்தது அன்றைக்கே மேடையில் அடிபடும். ஆனாலும் அதன் நாயகன், பணக்கார மோகனசுந்தரத்தைத் தண்டிப்பது தொழுநோய். செல்வம் எங்கிருந்து வந்தது என்பது அங்கே கேள்வியாவதில்லை, அதைச் செலவழித்த நடத்தைதான் கேள்வியாகிறது. ராதாவின் மேதைமைக்கு இது குறையல்ல, நாடகத்தின் எல்லை.

1968இல் சோவின் ‘முகமது பின் துக்ளக்’ வந்தது. சபா அங்கத்தினர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், ஏனென்றால் அடி விழுந்தது மந்திரிகள் மீது. கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ (1980) இதைவிட நெஞ்சுரம் உள்ளது. அத்திப்பட்டியின் வறட்சிக்கு அது அதிகாரிகளையும் ஓட்டரசியலையும் பதில் சொல்ல வைத்தது. அங்கும் கூண்டில் நிற்பது அரசுதான்.

சட்டத்தின் பயமும் இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த 1876ஆம் ஆண்டு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழியில், ராதாவின் நாடகங்கள் கிளப்பிய கொந்தளிப்புக்கிடையே, 1954இல் சென்னை மாநிலமும் தனக்கென ஒன்றை எழுதிக்கொண்டது. நாடகப் பிரதி போலீஸ் மேசைக்குப் போய் வந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்ததன் பேரில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது.

அதே ஞாநி 1978இல் தொடங்கிய பரீக்‌ஷா, டிக்கெட் வசூலை நம்பாத சிறு குழு. ஆங்கில நாடகாசிரியர் பிரீஸ்ட்லியைத் தழுவி அவர் எழுதிய ‘ஒரு விசாரணை’ நையாண்டி என்ற பெயருக்கு முழுக்கப் பொருந்தாது. ஆனால் வர்க்கத்தைத் தொட்டது. கௌரவமான ஒரு குடும்பம், ஒரு பெண்ணின் சாவு, அதில் ஒவ்வொருவர் கையிலும் படிந்த கறை. 1984இல் பிறந்த சென்னைக் கலைக்குழு பிரளயனின் இயக்கத்தில் தெருவுக்கே போனது. இரண்டு குழுக்களுக்கும் உபயதாரர் என்று ஒருவர் முன்வரிசையில் இல்லை. தைரியத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இத்தாலியிலும் இப்படித்தான். நாடகக்காரர்கள் தாரியோ ஃபோவும் ஃபிராங்கா ராமேவும் வணிக அரங்கை விட்டுவிட்டுத் தொழிலாளர் மன்றங்களுக்கும் ஆலைகளுக்கும் போன பிறகுதான், விலை கொடுக்க மறுத்துக் கடையிலிருந்து சாமான்களை அள்ளிவரும் பெண்களைப் பற்றிய கேலிநாடகம் 1974இல் பிறந்தது. பார்ப்பவர் மாறியதால் கேலிக்கு ஆளாகிறவரும் மாறினார்.

திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று விசைத்தறி ஊர்கள். கூலி, நூல் விலை, முன்பணக் கடன் என்று அங்கே நையாண்டிக்குச் சரக்கு ஏராளம். சென்னையில் நாடகம் போடும் சிறு குழுக்கள் தங்கள் அடுத்த நாடகத்தை அந்தத் தறித் தெருக்களில் முதலில் போட்டுப் பார்க்கட்டும். ஊர்க் கூத்துக்காரர் ஒருவரைக் கட்டியக்காரனாகச் சேர்த்துக்கொள்ளட்டும். அவருக்குச் சம்பளம் குழுவே கொடுக்கட்டும்.