உம்மு குல்தூமும் அவரைக் கேட்டவர்களும்

மீண்டும் ஒருமுறை நேரில் கேட்க விரும்பும் கச்சேரி எது என்று இசையன்பர்களிடம் வினவினால், ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள். அரபு நாடுகளில் அதே வினாவுக்குப் பலரும் தரக்கூடிய விடை ஒன்றுண்டு: கெய்ரோவில் உம்மு குல்தூம் பாடிய முதல் வியாழன் இரவு. நம் வழக்கில் அது வெள்ளி இரவு. எகிப்திய வானொலி 1934ஆம் ஆண்டு தொடங்கியது. பின்னர் பல்லாண்டுக் காலம், கச்சேரிப் பருவத்தில் மாதந்தோறும் முதல் வியாழனன்று அவருடைய பாட்டை அது அரங்கிலிருந்து நேராக ஒலிபரப்பியது. 1975 பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இரவுகளைப் பற்றிய ஏக்கம் தீரவில்லை.

இந்த ஏக்கம் சற்று வியப்புக்குரியது. அக்கச்சேரிகளில் பல ஒலிப்பதிவுகளாக இன்றும் கிடைக்கின்றன. விரும்பிய போதெல்லாம் கேட்கலாம். அவ்வாறிருக்க, எதை இழந்துவிட்டதாக மனம் வருந்துகிறது? குரலை என்று சொல்வது எளிய விடை. அது முழு விடையாகாது என்பதே என் கருத்து.

முதலில் குரலைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமகளார் ஒருவரின் பெயரைத் தாங்கிய இவர், நைல் நதிக் கழிமுகத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசல் இமாமின் மகளாகப் பிறந்தார். ஊர் ஓதற்பள்ளியில் குர்ஆன் ஓதக் கற்றார். சிறுமியாக இருக்கையிலேயே ஆண்பிள்ளை உடையணிந்து, தந்தையாருடன் மார்க்க வைபவங்களிலும் திருமண வீடுகளிலும் பாடினார். எழுத்தை அதன் பிறப்பிடத்திலிருந்து பிசகாமல் எழுப்ப வேண்டும் என்னும் ஓதல் ஒழுக்கம் அங்கே அவர் நாவில் படிந்தது. பின்னாளில் காதற்பாட்டைப் பாடியபோதும் ஒரு ஹர்பும் மங்கியதில்லை. இமாம் பூஸீரி அவர்களின் கஸீதத்துல் புர்தாவை நம் இல்லங்கள் நன்கறியும். அதன் யாப்பையும் இயைபையும் பின்பற்றி அஹ்மத் ஷவ்கி இயற்றிய ‘நஹ்ஜுல் புர்தா’வை, ரியாத் அஸ்ஸுன்பாத்தியின் இசையமைப்பில் 1940களில் உம்மு குல்தூம் பாடினார். கற்றோர் மட்டுமே சுவைத்து வந்த செம்மொழிக் கவிதை, பாமரர் செவிக்கும் சென்று சேர்ந்தது.

ஆயினும் இவை யாவும் ஒலிப்பதிவில் அடங்கிவிடும். அடங்காதது வேறொன்று.

அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். மேடையிலோ ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். ஓர் இரவுக்கு இரண்டு அல்லது மூன்று பாட்டுகளே போதும். பாட்டின் அடிகள் அத்தனை நீளமானவையல்ல, நீட்டியவர்கள் கேட்போர். ஓர் அடியை அவர் பாடி நிறுத்துவார். அரங்கு ‘அல்லாஹ்!’ என்று உருகும். மீண்டும் பாடும்படி கூவும். அவர் மீண்டும் பாடுவார். ஆனால் முன்பு பாடியபடியே பாடமாட்டார். முதல்முறை வினாவாக ஒலித்த சொல், அடுத்த முறை முறையீடாக மாறும். அதற்கடுத்த முறை அதே சொல் வேறொரு பண்ணின் சாயலில் திரும்பி வரும். இந்நிலையை அரபியர் ‘தரப்’ என்பர். பாடுபவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் ஏற்றிக்கொண்டு போகும் பரவசம் அது. அதற்குத் தகுதியுள்ள செவியினரை ‘ஸம்மீஆ’ என்று தனிப் பெயரிட்டே அழைத்தனர். கேட்பதையும் ஒரு கலையாக மதித்த சமூகம் அது.

‘அல்அத்லால்’ இதற்குத் தக்க சான்று. மருத்துவரும் கவிஞருமான இப்ராஹீம் நாஜியின் கவிதைக்கு ஸுன்பாத்தி இசையமைக்க, 1966இல் அதை அவர் முதன்முதலாகப் பாடினார். சிதைந்துபோன காதலைப் பற்றிய பாட்டு அது. கட்டுண்ட கைகளுக்கு விடுதலை கேட்கும் இடம் ஒன்று அதில் உண்டு. 1967 ஜூன் போரில் எகிப்து தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் நகரின் ஒலிம்பியா அரங்கில் அதே பாட்டை அவர் பாடினார். கிடைத்த வருவாயைத் தம் நாட்டுக்கே வழங்கினார். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேட்டவர்கள் மாறியிருந்தார்கள். ஆதலால் காதலியின் குரல், தோல்வியுற்ற ஒரு மக்களின் குரலாயிற்று. அன்று அந்த இருக்கைகளில் அமர்ந்திருந்த நெஞ்சங்களை எந்த நாடாவும் பதிவு செய்ய இயலாது.

குறையையும் கூறுவது திறனாய்வின் கடமை. முஹம்மத் அப்துல் வஹ்ஹாப் இசையமைத்த ‘இன்த்த உம்ரீ’ (1964) பெரும் புகழ் பெற்றது. மின் கித்தாரும் நீண்ட முன்னிசையும் அதற்குப் புதுமெருகூட்டின. ஆனால் வாத்தியப் பகுதிகள் முன்கூட்டியே இறுக்கமாக அமைக்கப்பட்டமையால், கேட்போர் நுழைவதற்கான இடைவெளி அதில் சுருங்கிற்று. வேறு சில இரவுகளின் பதிவுகளில், ஆரவாரத்துக்கு இணங்கி அவர் அடிகளைத் திருப்பிப் பாடியதாகவே தோன்றுகிறது. கைதட்டலுக்காகத் திரும்புவது வேறு. பொருளைத் துருவித் திரும்புவது வேறு. நல்ல ஸம்மீஆ இவ்விரண்டையும் பிரித்தறிந்தார். அவர் அரங்கில் அமர்ந்திருக்கும் வரை பாடகிக்கும் எச்சரிக்கை இருந்தது.

ஆகவே அந்த வியாழன் இரவுகள் மீளவேண்டுமெனில் உம்மு குல்தூம் மட்டும் திரும்பி வந்தால் போதாது. மறுமொழி சொல்லத் தெரிந்த அந்தச் செவிகளும் உடன் வரவேண்டும்.

இதைக் கெய்ரோவின் கதையென்று ஒதுக்கிவிடலாகாது. நம் ஊர்ப் புர்தா மஜ்லிஸில் ஒருவர் முன்னோத, கூடியிருப்போர் ஸலவாத் அடியைத் திருப்பி ஓதுவர். அந்த மறுமொழியால்தான் மஜ்லிஸ் மஜ்லிஸாகிறது. ஒலிநாடாவை ஓடவிட்டு, ஒலிபெருக்கியைத் தெருப்பக்கம் திருப்பிவைத்து, உள்ளே நாம் நம் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருக்கும் வீடுகளில் குரலுக்குக் குறைவில்லை. அந்த ஸலவாத் அடியைத் திருப்பி ஓத அங்கே எவரும் இல்லை.