குழையாத கட்டிக்கு அரை டன் அழுத்தம்: ஆர்பர் பிரஸ் வாங்கலாமா?

சோப்பே சேர்க்காமல் குளியல் கட்டி செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். சிண்டெட் பார் என்பார்கள். செய்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே புகாரைச் சொல்வார்கள்: "முகத்துக்கு இதமாத்தான் இருக்கு, ஆனா டப்பாவுல வச்சா மறுநாளே கொழகொழன்னு ஆயிடுது." இதற்கு மருந்து என்று இணையத்தில் தள்ளிவிடப்படும் கருவிதான் ஆர்பர் பிரஸ். லேத் பட்டறையில் பேரிங் ஏற்ற வைத்திருப்பார்களே, கைப்பிடியை இழுத்தால் பற்சக்கரம் சுற்றி ஒரு சதுர இரும்புத் தண்டு கீழே இறங்கும், அதேதான். அதில் அரை டன் மாடலும், 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட ஸ்டீல் அச்சும் சேர்த்து வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வைத்துப் பார்த்தாயிற்று.

தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கருவி நல்ல கருவி. ஆனால் கட்டி குழைவதற்குப் பாதிக்கு மேல் காரணம் செய்முறையில்தான் இருக்கிறது. அதை எத்தனை டன் அழுத்தினாலும் சரிசெய்ய முடியாது.

ஏன் என்று புரிய, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நாம் பழகிய சோப்பு என்பது எண்ணெயையும் காரத்தையும் வினைபுரிய வைத்துக் கிடைக்கும் உப்பு. தண்ணீரில் கரைத்தால் அதன் பிஎச் 9, 10 என்று நிற்கும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. போதாததற்கு, போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து பக்கெட் ஓரத்தில் படியும். சிண்டெட்டில் இந்த இரண்டு தொல்லையும் அநேகமாகக் கிடையாது. அதில் அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது சோடியம் கோகோயில் ஐசெதயோனேட். கடையில் எஸ்.சி.ஐ. என்று கேட்டால் போதும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்கிற வெள்ளைப் பொருள்.

இது புதுச் சங்கதி இல்லை. அமெரிக்காவில் லீவர் பிரதர்ஸ் 1957-ல் டவ் கட்டியை இறக்கியது இந்தப் பொருளை வைத்துத்தான். ஐசெதயோனேட் கட்டிக்கான ராபர்ட் கெய்ட்ஸின் காப்புரிமை 1959-ல் வெளியானது. 1979-ல் ஃப்ராஷ், கிளிக்மன் என்ற இரு தோல் மருத்துவ ஆய்வாளர்கள், சந்தையில் கிடைத்த 18 கட்டிகளைக் கரைத்துக் கையில் கட்டிவைத்து, எது எவ்வளவு எரிச்சல் தருகிறது என்று சோதித்தார்கள். அந்த வரிசையில் மிகக் குறைவாக எரிச்சல் தந்தது இந்த ஐசெதயோனேட் கட்டி. பின்னாளில் எம்.ஐ.டி.யில் டேனியல் பிளாங்க்ஷ்டைன் குழு அதற்கு ஒரு காரணம் சொன்னது: எஸ்.சி.ஐ. தண்ணீரில் உருவாக்கும் மூலக்கூறுக் கொத்துகள் பெரியவை, தோலின் மேலடுக்கிலுள்ள நுண்துளைகளுக்குள் அவை எளிதில் நுழைவதில்லை.

ஆக, தோலுக்கு இதமான கட்டி செய்ய வழி தெரிந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. கடைசிச் சில்லு வரை அது கட்டியாகவே நிற்க வேண்டும் என்பதில்தான் இன்னமும் எல்லாரும் திணறுகிறார்கள்.

எஸ்.சி.ஐ.க்கு ஒரு குணம் உண்டு. பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, சூடேறினால் மளமளவென்று கரையும். ஷாம்பு செய்கிறவர்களுக்கு இது தலைவலி. கட்டி செய்கிறவர்களுக்கு வரம். ஆனால் அதை மட்டும் அழுத்தி வைத்தால் பொடிப்பொடியாக உதிரும். பிணைத்து நிறுத்த ஸ்டீரிக் ஆசிட் வேண்டும். உருகி, எஸ்.சி.ஐ. துகள்களைச் சுற்றிக்கொண்டு, ஆறும்போது மெழுகு மாதிரி இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுப்பது அதுதான். நுரையைப் பார்த்து எல்லாரும் எஸ்.சி.ஐ.யைப் புகழ்கிறார்கள், கட்டியைத் தாங்குவது ஸ்டீரிக் ஆசிட். மெழுகுவத்தி செய்கிறவர்கள் வாங்கும் சரக்கு பெரும்பாலும் ஸ்டீரிக்கும் பால்மிட்டிக்கும் கலந்தது. 55 டிகிரி வாக்கில் உருகும். சுத்தமான ஸ்டீரிக் ஆசிட் உருக 69 டிகிரி வேண்டும். கட்டிக்குக் கலப்புச் சரக்கே போதும். அச்சில் வளைந்துகொடுப்பதும் அதுதான்.

நான் கடைசியாக நிலைகொண்ட அளவு, நூறு கிராமுக்கு: எஸ்.சி.ஐ. பொடி 50, ஸ்டீரிக் ஆசிட் 25, சீட்டோஸ்டீரைல் ஆல்கஹால் 5, கயோலின் 8, கோகோ பீட்டைன் 8, கிளிசரின் 2, மிச்சம் 2 கிராமுக்குள் வாசனையும் சிட்டிகை சிட்ரிக் ஆசிட்டும். பீட்டைன் என்பது திரவம், அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவு திரள அந்தத் தண்ணீரே போதும், தனியாக ஒரு சொட்டு ஊற்றத் தேவையில்லை. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 75, 80 டிகிரியில் கிண்டினால் முறுக்கு மாவுப் பதத்துக்கு வரும். பொடியைக் கொட்டும்போது மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் அரை மணி நேரம் தும்மல் நிற்காது. செய்த கட்டியில் ஒரு கிராமைச் சுரண்டி நூறு மில்லி தண்ணீரில் கரைத்து பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவே இருந்தால் சரி.

வாங்கும்போது பையின் மேல் எண்ணைக் கவனியுங்கள். 85 என்று போட்ட எஸ்.சி.ஐ. உண்டு, 65 என்று போட்டதும் உண்டு. 65-ல் ஸ்டீரிக் ஆசிட் ஏற்கெனவே கலந்திருக்கும். அதன்மேல் இன்னொரு 25 சேர்த்தால் கட்டி இறுகும், நுரைதான் வராது. விலை குறைவு என்று சிலர் சோடியம் கோகோ சல்ஃபேட்டுக்குப் போகிறார்கள். பச்சைத் தண்ணீரிலேயே பொங்கிப் பொங்கி நுரைக்கும், உண்மை. அவ்வளவு சுலபமாகக் கரைவதால்தான் டப்பாவிலும் கரைகிறது. தோலுக்கும் அது எஸ்.சி.ஐ. அளவு இதமில்லை.

இப்போது கருவி. வார்ப்பிரும்பு உடம்பு, நல்ல கனம். மேசையில் போல்ட் போட்டு முறுக்காமல் கைப்பிடியை இழுத்தால் கருவியே முன்னால் சாயும். பிளைவுட் மேசைக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை கொடுத்த பிறகுதான் ஆட்டம் நின்றது. பெயின்ட் அடிக்காத தண்டில் கிரீஸ் தடவி அனுப்புகிறார்கள். அதை மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, மேலாகத் தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள். கடற்கரை ஊரென்றால் அந்த எண்ணெய் காயக் காயத் துரு ஏறும், விடாமல் பூச வேண்டும். தண்டில் கொஞ்சம் சுழல் ஆட்டம் இருக்கிறது. வெறும் வட்டக் கட்டிக்கு அது பொருட்டில்லை. எழுத்தோ பூவோ பதிக்கிற அச்சு போட்டால் கோணலாக விழும்.

அரை டன் என்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். 6 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். ஐநூறு கிலோவை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 18 கிலோதான். அதுவும் கைப்பிடியில் உடம்பு பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கினால். நாலரை சென்டிமீட்டர் அச்சுக்கு மாறினால் பரப்பு 16-க்கு இறங்கி, அதே இழுப்பில் 31 கிலோ கிடைக்கிறது. பெரிய பிரஸ் வாங்குவதற்கு முன்னால் சின்ன அச்சு வாங்கிப் பாருங்கள் என்பேன்.

அழுத்தும் நேரத்தைப் பிடிப்பதுதான் கைப்பழக்கம். மாவு சுடச்சுட இருந்தால் அச்சில் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். வந்தாலும் ஆறும்போது நடுவில் குழி விழும். ரொம்ப ஆறிவிட்டால் உருண்டைகள் ஒன்றோடொன்று சேராமல் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு நிற்கும். செய்த அன்று அது கண்ணுக்கே தெரியாது. குளிக்க ஆரம்பித்து இரண்டாம் வாரம் தண்ணீர் அந்த வழியே உள்ளே போய், கட்டி அடுக்கடுக்காகப் பிளக்கும். உள்ளங்கையில் உருட்டினால் சூடு தெரிய வேண்டும், ஆனால் சுடக் கூடாது. 45 டிகிரியை ஒட்டிய அந்தப் பதம்தான் கணக்கு. தண்டை மெதுவாக இறக்கி, கீழே போனதும் நாலைந்து மூச்சு அப்படியே பிடித்திருந்து, அதே மெதுவோடு தளர்த்த வேண்டும். சட்டென்று விட்டால் உள்ளே நசுங்கியிருந்த காற்று விரிந்து மேல்தட்டைத் தூக்கிவிடும்.

ஒட்டும் தொல்லைக்குத் தொழிற்சாலைக்காரர்களின் வழியே நல்ல வழி. அவர்கள் அச்சை உறைநிலைக்கும் கீழே குளிரவைத்துத்தான் முத்திரை போடுகிறார்கள். வீட்டில் அச்சை ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் போதும். ஆனால் சென்னைக் காற்றில் வெளியே எடுத்த நிமிஷமே அது வியர்க்கும். அந்த ஈரத்தைத் துடைக்காமல் அழுத்தினால் கட்டியின் மேல்தோல் பிசுபிசுவென்று ஆகிவிடும். பருத்தித் துணியால் ஒரு துடைப்பு, பிறகு மாவு.

சரி, இத்தனை பாடுபட்டதற்குப் பலன் உண்டா? தொழிலில் இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது: கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கூழான மேலடுக்கைச் சுரண்டி எடுத்து, எவ்வளவு போனது என்று எடை போடுவார்கள். சமையலறைத் தராசும், பழைய ஏடிஎம் கார்டும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஒரே கலவையில் ஒரு கட்டியைப் பிரஸ்ஸிலும், இன்னொன்றை சிலிகான் அச்சில் கட்டைவிரலால் அமுக்கியும் செய்து, நன்றாக உலரவிட்டு, பாதி மூழ்கும் அளவு தண்ணீரில் ராத்திரி முழுக்க வைத்தேன். கார்டில் வழித்தபோது பிரஸ் கட்டியில் மெல்லிய படலம்தான் வந்தது. கையால் அமுக்கியதில் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். வெட்டிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிகிறது: கையால் அமுக்கியதற்குள் கடுகளவு காற்றுப் பொத்தல்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறது.

இதுவரை பிரஸ்ஸின் கட்சிதான் ஜெயிக்கிறது. அதே கலவையில் கிளிசரினை மட்டும் இரண்டிலிருந்து ஆறுக்கு ஏற்றி ("தோல் வறளாது" என்று எல்லாச் செய்முறையிலும் அள்ளி ஊற்றச் சொல்கிறார்கள்), அதையும் பிரஸ்ஸில் முழு பலத்தோடு அழுத்தி, அதே தண்ணீரில் வைத்தேன். காலையில் அது கையால் அமுக்கிய கட்டியைவிட மோசம். கிளிசரின் ஈரத்தை இழுக்கும், இழுத்ததை விடாது. தேன், கற்றாழை ஜெல், பால் பவுடர் என்று சேர்க்கும் அலங்காரங்களுக்கும் இதே கதிதான். எஸ்.சி.ஐ. தயாரிப்பில் மிச்சமாகத் தங்கும் சோடியம் ஐசெதயோனேட்டும் தண்ணீரில் நன்றாகக் கரையக்கூடியது. மலிவுச் சரக்கில் அது கூடுதலாக இருந்தால் கட்டி சீக்கிரம் குழையும். கோடையில் பிரமாதமாக நின்ற கலவை ஐப்பசி மழையில் தளர்ந்ததும் இந்த ஈர விவகாரத்தால்தான். கயோலினை இரண்டு கிராம் கூட்டி, பீட்டைனை அதே அளவு குறைத்ததும் மீண்டும் நிமிர்ந்தது.

பிஎச்சைக் கொஞ்சம் ஏற்றி ஸ்டீரிக் ஆசிட்டில் ஒரு பகுதியைச் சோப்பாக மாற்றினாலும் கட்டி இறுகும். பெரிய நிறுவனங்களின் கட்டிகளில் சோடியம் ஸ்டீரேட் என்று அட்டையில் பார்ப்பது அதைத்தான். காஸ்டிக் சோடாவை அளந்து சேர்க்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். எஸ்.சி.ஐ.யே காரம் ஏறினால் சிதையக்கூடியது.

அட்டை என்றதும் ஒன்று. இங்கே குளியல் சோப்பை டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு) பார்த்து வாங்கப் பழகியிருக்கிறோம்: 76 சதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். அது சோப்புக்கு வகுத்த அளவுகோல். அதை வைத்து சிண்டெட் கட்டியை மட்டம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிண்டெட்டுக்குப் பார்க்க வேண்டியது உட்பொருள் பட்டியலின் முதல் இரண்டு பெயர். ஐசெதயோனேட்டும் ஸ்டீரிக் ஆசிட்டும் அங்கே இருந்தால் நம்பி வாங்கலாம்.

யாருக்கு இந்தக் கருவி? வீட்டு உபயோகத்துக்கு மாதம் நாலு கட்டி செய்கிறவருக்குத் தேவையே இல்லை. கிளிசரினைக் குறைத்து, சிலிகான் அச்சில் அடர்த்தியாக அமுக்கி, இரண்டு வாரம் காற்றாட உலரவிட்டு, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் வைத்தால் போதும். சுயஉதவிக் குழுவாகவோ சிறுதொழிலாகவோ நாளுக்கு ஐம்பது, அறுபது கட்டி போடுகிறவர்களுக்குத் தாராளமாக வாங்கச் சொல்வேன். எடையும் உருவமும் ஒரே சீராக வருவதே அவர்களுக்குப் பாதி வியாபாரம். விற்பனை என்று வந்தால் காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020-ன்படி தயாரிப்பு உரிமம் எடுத்தாக வேண்டும் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர்கள் அச்சு மட்டும் இரண்டாக வாங்குங்கள். ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது ஃப்ரீஸரில் இருக்கட்டும். ஸ்டீலா அலுமினியமா என்று கேட்டால் ஸ்டீல். ஒரு டன் மாடலுக்கு ஆசைப்பட்டால் மேசையையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.